மகன் அனுப்பிய டப்பாவில் என்ன இருக்கிறது? ஸ்பெர்மிடின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். ஊருக்கு வரும் பெட்டியில் முன்பெல்லாம் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் இருக்கும். இப்போது கூடவே ஒரு டப்பா: ஸ்பெர்மிடின் கேப்சூல். "வயசாகாமப் பாத்துக்குமாம், மகன் வாங்கி அனுப்பியிருக்கான், சாப்பிடலாமா தம்பி?" என்று ஆச்சிமார் கடைக்குக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் கடையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

இது விட்டமினா?

இல்லை. விட்டமினை உடம்பு பெரும்பாலும் தானாகச் செய்துகொள்ளாது, வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஸ்பெர்மிடினை உடம்பே செய்கிறது. இது பாலிஅமைன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின் என்று முக்கியமாக மூன்று உறுப்பினர்கள். அமைன் என்ற நைட்ரஜன் பகுதி புட்ரெசினில் 2, ஸ்பெர்மிடினில் 3, ஸ்பெர்மினில் 4. மனிதன், மாடு, மாமரம், ஈஸ்ட் என்று எந்த உயிரின் செல்லைத் திறந்தாலும் இந்தக் குடும்பத்தில் ஒன்றாவது இருக்கும்.

பெயரே ஒரு மாதிரி இருக்கிறதே?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். சந்தேகம் சரிதான். லேவன்ஹுக் என்ற டச்சுக்காரர், தானே செய்த நுண்ணோக்கியில் உலகத்தையே பார்த்தவர், 1678-இல் உலர்ந்த விந்தில் சிறு படிகங்களைக் கண்டார். அந்தப் படிகம் ஸ்பெர்மினுடையது. பெயர் அங்கிருந்து வந்து குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது. டப்பாவில் இருப்பதற்கும் அதற்கும் பெயர் உறவு மட்டும்தான். கேப்சூலில் இருப்பது பெரும்பாலும் கோதுமை முளைக்கருவின் சாறு.

அப்படியானால் ஆண்மைக்கு...?

இல்லை, அண்ணே.

உடம்பே செய்யும் என்றால் எதற்கு வெளியிலிருந்து?

நியாயமான கேள்வி. புரதத்தில் வரும் ஆர்ஜினின் ஆர்னிதினாக மாறுகிறது, ஆர்னிதின் புட்ரெசினாகிறது, அதிலிருந்து ஸ்பெர்மிடின், அதிலிருந்து ஸ்பெர்மின். இது போக, பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களும் தங்கள் பங்குக்குச் செய்து தருகின்றன. மூன்றாவது வழி சாப்பாடு. தாய்ப்பாலிலும் உண்டு.

வயது ஏற ஏறப் பல திசுக்களில் ஸ்பெர்மிடின் அளவு குறைகிறது. "குறைந்ததை நிரப்பு" என்பதுதான் மாத்திரை விற்பவர்களின் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டி குறைந்தால் மோட்டார் போடுவது மாதிரி அவ்வளவு நேராக நடக்கும் காரியமில்லை இது. ஏன் என்று கீழே வருகிறேன்.

செல்லுக்குள் இது என்னதான் செய்கிறது?

இந்தப் பதில் கொஞ்சம் நீளும். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

முதல் வேலை, ஒட்டிக்கொள்வது. ஸ்பெர்மிடினின் மூன்று அமைன் பகுதியும் செல்லுக்குள் நேர்மின்னோடு இருக்கும். டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் எதிர்மின் கொண்டவை. எனவே இது போய் அவற்றோடு ஒட்டி, நீண்டு நெளியும் இழைகள் ஒழுங்காக மடிந்து கிடக்க உதவுகிறது.

இரண்டாவது வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது. புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோமுக்கு உதவியாக இ.ஐ.எஃப். 5ஏ என்று ஒரு புரதம் இருக்கிறது. செல் ஸ்பெர்மிடினிலிருந்து ஒரு துண்டை வெட்டி, அந்தப் புரதத்தின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்துக்கு ஹைப்யூசின் என்று பெயர். இந்த ஒட்டு இல்லாவிட்டால் உதவியாள் வேலைக்கு ஆகமாட்டான். புரோலின் என்ற அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் இடங்களில் ரைபோசோம் சிக்கி நின்றுவிடும், வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் கார் நிற்கிற மாதிரி. சிக்கலை எடுத்துவிட ஒட்டுப்போட்ட 5ஏ வேண்டும். அந்த ஒட்டுக்கு மூலப்பொருள் ஸ்பெர்மிடின் ஒன்றுதான்.

மூன்றாவது வேலையைச் சொல்லித்தான் டப்பா விற்கிறது: ஆட்டோஃபேஜி. தமிழில் தன்னுண்ணல் என்கிறார்கள். செல் தன்னிடம் பழுதாகிக் கிடக்கும் புரதங்களையும் உறுப்புகளையும் ஒரு பையில் சுற்றி, கரைத்து, பாகங்களை மறுபடி பயன்படுத்திக்கொள்வது. காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இடிக்கும் வீட்டிலிருந்து பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல் எல்லாம் கழற்றி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு வீட்டு முகப்புக்குப் போகிறதே, அதுதான். ஒரே வித்தியாசம், செல் இதைத் தன் வீட்டுக்குள்ளேயே, குடியிருந்துகொண்டே செய்கிறது. இந்த ஏற்பாடு எந்த ஜீன்களால் நடக்கிறது என்று ஈஸ்டில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

ஸ்பெர்மிடின் இதில் எங்கே வருகிறது? சாப்பாடு நிறைய இருக்கும்போது ஈ.பி.300 என்ற நொதி, தன்னுண்ணல் புரதங்களின் மேல் அசிட்டைல் என்ற சிறு குறியை ஒட்டிவைக்கும். "இப்போது வேண்டாம், சும்மா இரு" என்று சீட்டு ஒட்டுவது போல. ஸ்பெர்மிடின் அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்கிறது. சீட்டு விழுந்துவிட, வேலை தொடங்குகிறது. பட்டினி கிடந்தாலும் இதே விளைவுதான். இதுபோக, மேலே சொன்ன 5ஏ வழியாகவும் தன்னுண்ணலுக்குத் தேவையான சில புரதங்கள் கூடுதலாகத் தயாராகின்றன.

இதெல்லாம் நிரூபணமா, கதையா?

செல்லிலும் சிறு உயிர்களிலும் நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் ஃபிராங்க் மடேயோ குழு 2009-இல் வெளியிட்டது: ஸ்பெர்மிடின் கொடுத்த ஈஸ்ட், பழ ஈ, புழு எல்லாம் கூடுதல் நாள் வாழ்ந்தன. 2016-இல் எலிகள். குடிதண்ணீரில் கலந்து கொடுத்தபோது ஆயுள் கூடியது, வயதான இதயம் கெட்டிப்படுவது குறைந்தது. இதயத் தசையில் தன்னுண்ணலுக்கான ஜீனை நீக்கிய எலிகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதாவது, வேலை நடந்தது தன்னுண்ணல் வழியாகத்தான்.

மனிதர்களிடம்?

இங்கேதான் டப்பாக்காரர்கள் வேகமாகப் பேசுவார்கள்.

இத்தாலியின் வடக்கே புருனெக் என்று ஒரு மலையூர். 45 முதல் 84 வயதுவரை 829 பேர் என்ன சாப்பிடுகிறார்கள் என்று 1995-லிருந்து 20 வருஷம் குறித்துவந்தார்கள். உணவில் ஸ்பெர்மிடின் அதிகம் சேர்ந்தவர்களிடம் இறப்பு குறைவு. அதிகம் சேர்ந்த மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவாகச் சேர்ந்த மூன்றில் ஒரு பங்கினருக்கும் இருந்த வித்தியாசம், 5.7 வயது இளமையாக இருப்பதற்குச் சமம். இந்த 5.7 டப்பா விளம்பரங்களில் அடிக்கடி வரும்.

விளம்பரம் சொல்லாதது: அவர்கள் யாரும் மாத்திரை சாப்பிடவில்லை. முழுதானியமும் காய்கறியும் சாலடும் சாப்பிட்டவர்கள். அப்படிச் சாப்பிடுகிறவர் பொதுவாக நடக்கவும் செய்வார், புகைக்கவும் மாட்டார். கணக்கில் அதையெல்லாம் கழித்துப் பார்த்தார்கள் என்றாலும், முழுவதும் கழித்துவிட முடியாது. ஒன்றாக இருப்பது வேறு, ஒன்றால் இன்னொன்று நடப்பது வேறு.

மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததும் உண்டு. பெர்லினில், ஞாபகம் குறைகிறது என்று உணர்ந்த 100 முதியவர்களைப் பிரித்து, பாதிப்பேருக்குக் கோதுமை முளைக்கருவிலிருந்து தினம் 0.9 மி.கி. ஸ்பெர்மிடின், மீதிப்பேருக்கு டம்மி மாத்திரை, 12 மாதம். 2022-இல் முடிவு வந்தது: ஞாபகத்தில் இரண்டு கூட்டத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பக்க விளைவும் பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

விழுங்கிய ஸ்பெர்மிடின் செல்லுக்குப் போய்ச் சேருகிறதா?

என்னைக் கேட்டால் எல்லோரும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. யாரும் கேட்பதில்லை.

சிறுகுடல் இதை நன்றாகவே உறிஞ்சுகிறது. ஆனால் குடலின் உள்தோல் சில நாளைக்கு ஒருமுறை புதிதாகிற தோல். வேகமாகப் பெருகும் செல்லுக்குப் பாலிஅமைன் பசி அதிகம், வாசலிலேயே ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை உடைக்கவும் மாற்றவும் குடலிலும் ஈரலிலும் நொதிகள் காத்திருக்கின்றன. ஜெர்மனியில் 12 பேருக்குத் தினம் 15 மி.கி. வீதம் 5 நாள் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். சாதாரண கேப்சூலைவிடப் பலமடங்கு அது. ரத்தத்தில் ஸ்பெர்மிடின் ஏறவே இல்லை. ஸ்பெர்மின்தான் ஏறியது. போகிற வழியிலேயே உருமாறிவிட்டது.

இன்னொரு காவலும் உண்டு. செல்லுக்குள் பாலிஅமைன் கூடினால் ஆன்டிசைம் என்ற புரதம் உருவாகும். அது புட்ரெசின் செய்யும் நொதியைப் பிடித்து அழிக்கக் கொடுத்துவிடும், வெளியிலிருந்து வரும் பாலிஅமைனுக்கும் கதவை மூடும். மேலே "தண்ணீர்த் தொட்டி மாதிரி இல்லை" என்றேனே, காரணம் இந்த ஆன்டிசைம்தான். உடம்பு இதன் அளவைக் கறாராக வைத்திருக்க விரும்புகிறது.

இதனால் ஒன்றுமே நடக்காது என்று சொல்லவில்லை. குடலுக்கே நல்லதாக இருக்கலாம், ஸ்பெர்மினாக மாறி வேலை செய்யலாம், மாதக்கணக்கில் மெதுவாகச் சேரலாம். இந்தப் பத்தியில் எத்தனை "லாம்" என்று எண்ணிக்கொள்ளுங்கள். டப்பாவின் மேல் ஒரு "லாம்" கூட இருக்காது.

டப்பாவில் 800 மி.கி. என்று போட்டிருக்கிறதே, அது அதிகம் இல்லையா?

போன மாதம் ஒரு ஆச்சி கொண்டுவந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் கட்டைவிரல் பருமனில் 800 மி.கி. திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தால், அது கோதுமை முளைக்கருச் சாற்றின் எடை. அதற்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி: இதில் ஸ்பெர்மிடின் 1 மி.கி. அதுவும் இரண்டு கேப்சூலுக்கு. ஆச்சி ஒன்றுதான் போட்டுக்கொண்டிருந்தார்.

பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த எழுத்து பெரியது, எது சிறியது என்று முடிவு செய்தவருக்கு வியாபாரம் நன்றாகத் தெரியும். வாங்குவதானால் பின்பக்கம் ஸ்பெர்மிடின் எத்தனை மி.கி. என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் கீழே வைத்துவிடுங்கள். இந்தியாவில் விற்கும் பொருள் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கவேண்டும். ஐரோப்பாவில் இந்தக் கோதுமைச் சாற்றைப் பெரியவர்களுக்கு நாளுக்கு 6 மி.கி. ஸ்பெர்மிடின் அளவுக்குள் அனுமதித்திருக்கிறார்கள். கர்ப்பிணிகளையும் பாலூட்டுபவர்களையும் அந்த அனுமதியில் சேர்க்கவில்லை.

"இயற்கையானது" என்று போட்டிருக்கிறதே?

கோதுமையிலிருந்து எடுத்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் ஸ்பெர்மிடின் மூலக்கூறு ஒன்றேதான். வித்தியாசம் கூட வருவதில் இருக்கிறது. முளைக்கருச் சாற்றில் மற்ற பாலிஅமைன்களும் இருக்கும், கோதுமைப் புரதமும் இருக்கலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு, செலியாக் நோய் உள்ளவருக்கு, "இயற்கை" என்ற சொல்லே எச்சரிக்கை.

நம் சாப்பாட்டில் இது எதில் இருக்கிறது?

கோதுமை முளைக்கருவில் 100 கிராமுக்குச் சுமார் 24 மி.கி. காய்ந்த சோயாபீனில் 20 பக்கம். காளானில் 9, பச்சைப் பட்டாணியில் 6 அல்லது 7, கோழி ஈரலில் 5, கொண்டைக்கடலையில் 3 இருக்கும். ரகத்தையும் மண்ணையும் பொறுத்து மாறும், தராசு பிடித்துக் கணக்குப் பார்க்கவேண்டாம். பழைய செடார் சீஸிலும் நிறைய உண்டு, ஆனால் நம் வீட்டில் யார் அதைத் தினமும் சாப்பிடுகிறார்கள்?

புருனெக் மக்கள் சாப்பாட்டிலேயே நாளுக்கு 10 மி.கி. பக்கம் எடுத்தார்கள். அதற்கு முன்னால் கேப்சூலின் 1 மி.கி.-யை வைத்துப் பாருங்கள். ஒரு கிண்ணம் பட்டாணிச் சுண்டலில் அதைவிட அதிகம் கிடைக்கிறது.

கோதுமை மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கோதுமை மணியில் முளைக்கரு எடையில் 3 சதவிகிதம் கூட வராது. அதில் எண்ணெய் இருப்பதால் மாவு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். அதனால்தான் மைதாவுக்கும் ரவைக்கும் அரைக்கும்போது அதை நீக்கிவிடுகிறார்கள். நீக்கியதைச் சாறெடுத்து, டப்பாவில் போட்டு, டாலர் விலையில் நமக்கே விற்கிறார்கள். கோதுமையை வாங்கிக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டால் முளைக்கரு மாவிலேயே இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

சமைத்தால் போய்விடுமா என்று கேட்பார்கள். சூட்டுக்கு இது அவ்வளவாக அழியாது, ஆனால் தண்ணீரில் கரையும். கடலை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் ரசத்தில் சேர்த்துவிடுவது எங்கள் அப்பத்தா பழக்கம். அவருக்குப் பாலிஅமைன் தெரியாது, வீணாக்கக்கூடாது என்பது தெரியும்.

கும்மாயத்தில் உளுந்து இருக்கிறதே, அதில் வருமா என்று ஒரு அண்ணன் கேட்டார். வரும். கூடவே வெல்லமும் நெய்யும் வரும். அவருக்குச் சர்க்கரை 240.

கருவாட்டு வாடைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, நல்ல மூக்கு உங்களுக்கு. இறைச்சியும் மீனும் கெடும்போது பாக்டீரியாக்கள் புட்ரெசினையும் அதன் உறவான கடாவெரினையும் பெருக்குகின்றன. அழுகல் நாற்றத்தில் இவற்றுக்கும் பங்கு உண்டு. 1880-களில் ஜெர்மன் மருத்துவர் பிரீகர் இவற்றை அழுகிய சதையிலிருந்தே பிரித்தெடுத்தார், பெயர்களும் அதற்கேற்பத்தான். அதற்காகக் கெட்ட மீனில் "பாலிஅமைன் இருக்கிறது" என்று சாப்பிட்டுவிடாதீர்கள். கெட்ட மீனில் ஹிஸ்டமினும் சேர்ந்திருக்கும். அதைக் குடலில் உடைக்கும் நொதியைப் புட்ரெசினும் கடாவெரினும் வந்து மறித்துக்கொள்ளும். உடம்பு சிவந்து, தலை வலித்து, வாந்தி வரும்.

நோன்பு இருந்தால் இதே பலன் கிடைக்குமா?

கிராஸ் குழுவினரே 2024-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பட்டினி இருந்தபோது ஈஸ்ட், ஈ, எலி, மனிதர் எல்லோரிடமும் ஸ்பெர்மிடின் அளவு ஏறியது. ஸ்பெர்மிடின் செய்யமுடியாமல் தடுத்த சிற்றுயிர்களுக்குப் பட்டினியின் பலன் கிட்டவில்லை. அந்த மனிதர்கள் பல நாள் மருத்துவ மேற்பார்வையில் இருந்தவர்கள். நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பன்று மாவில் திரியை வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்களே, அந்த ஒருநாள் விரதத்தையும் இதையும் ஒன்றாக்கி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்கு அனுப்பவேண்டாம். நோன்பு சாமிக்கு.

இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

முடி வளருமா?

ஒரு சிறிய ஆய்வில் நல்ல முடிவு வந்தது. ஆனால் அந்த மாத்திரையில் பயோட்டின் என்ற விட்டமினும் சேர்ந்திருந்தது. எது வளர்த்தது என்று எப்படிச் சொல்வது?

யார் இதைத் தொடவே கூடாது?

புற்றுநோய் இருப்பவர், இருந்து குணமானவர் முதலில் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்கவேண்டும். வேகமாகப் பெருகும் செல்லுக்குப் பாலிஅமைன் பசி அதிகம் என்றேன். புற்றுக்கட்டிக்கும் அதே பசி உண்டு. புட்ரெசின் செய்யும் நொதியை அடைக்கும் எஃப்ளோர்னித்தின் என்ற மருந்தை, நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் 2023-இல் அனுமதித்தார்கள். அதாவது அங்கே பாலிஅமைனைக் குறைப்பதுதான் வைத்தியம். எலிகளில் ஸ்பெர்மிடின் எதிர்ப்புசக்தியைக் கூட்டிப் புற்றுக்கு எதிராக உதவியதும் உண்டு. இரண்டு பக்கமும் செய்தி இருக்கும்போது சொந்தமாக முடிவெடுப்பது சூதாட்டம்.

சிறுநீரகம் பழுதானவர்களும் வேண்டாம். பாலிஅமைன் உடையும்போது அக்ரோலின் என்ற நச்சு கொஞ்சம் உண்டாகும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தில் அது ஏற்கெனவே கூடுதல். கர்ப்பிணி, பாலூட்டும் தாய், குழந்தைகள், கோதுமை ஒவ்வாதவர், இவர்களுக்கும் வேண்டாம்.

பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக இதைப் போடலாமா?

கூடாது. இப்படி ஒருவர் கேட்டதால்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மகன் ஆசையாக அனுப்பியது, இரண்டு டப்பா இருக்கிறது. என்ன செய்ய?

மேலே சொன்ன எந்தத் தொந்தரவும் இல்லையென்றால், காலாவதித் தேதி தாண்டவில்லையென்றால், சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள் ஆச்சி. கெடுதல் வர வாய்ப்புக் குறைவு. அடுத்தமுறை டாக்டரைப் பார்க்கும்போது மற்ற மாத்திரைகளோடு இந்த டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை நாள் வந்தால் இதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது டப்பா வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிடலாம். அந்தக் காசுக்குச் சந்தையில் ஒரு வருஷத்துக்கான பட்டாணியும் கொண்டைக்கடலையும் வரும். கோடாலித் தைலம் மட்டும் மறக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.